புள்ளிகள் இல்லாத பகடை: நாடக மேடையில் சூதாட்ட விடுதி

ஒரு சீட்டு ஒன்பது சென்டிமீட்டர் உயரம்கூட இருக்காது. ரூலெட் சக்கரத்தில் ஓடும் பந்து அதைவிடச் சிறியது. ஆயிரம் பேர் அமரும் அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவருக்கு இவை இரண்டுமே தெரியப்போவதில்லை. சூதாட்டக் காட்சியை மேடையேற்ற நினைக்கும் எவருக்கும் முதலில் எதிர்ப்படும் தடை இதுதான் என்றாலும், இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. அடுத்த கணம் என்ன விழும் என்று யாருக்கும் தெரியாமல் இருப்பதில்தான் சூதாட்டத்தின் உயிர் இருக்கிறது. நாடகமோ ஒவ்வொரு அசைவையும் வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்து, இன்று விழுந்த சீட்டே நாளையும் மறுநாளும் விழும் என்று உறுதி செய்துகொள்ளும் கலை. ஒற்றைப் பூஜ்யம் உள்ள ரூலெட் சக்கரத்தில் 37 குழிகள் இருப்பதால் ஒரு குறிப்பிட்ட எண் விழும் வாய்ப்பு 37-இல் ஒன்று. மேடையில் அதே எண் விழும் வாய்ப்பு நூற்றுக்கு நூறு.

இருந்தும் ஓபராக்களும் இசை நாடகங்களும் உரையாடல் நாடகங்களும் நூற்றாண்டுகளாகச் சூதாட்ட விடுதியின் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கின்றன. எந்தச் சீட்டு விழுந்தது என்பதில் இந்த நாடகங்களுக்கு உண்மையில் அக்கறை இல்லை என்பதே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஒருவர் எதைப் பணயமாக வைக்கிறார், யாருக்கு எதிரே வைக்கிறார், தோற்ற பிறகு அவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் யார் என்பவைதான் காட்சியாகின்றன. தற்செயலை மேடையில் காட்ட முடியாது. பணயத்தைக் காட்ட முடியும். நல்ல சூதாட்டக் காட்சிகள் எல்லாமே ஏதோ ஒரு வழியில் இந்த மாற்றத்தைச் செய்துவிடுகின்றன. அதைச் செய்யத் தவறிய நாடகங்களில் விளக்கொளியும் பளபளப்பான உடைகளும் மட்டுமே மிஞ்சுகின்றன.

நாடக ஆசிரியர் வேறெங்கும் அவ்வளவு எளிதாகப் பெற முடியாத சில வசதிகளைச் சூதாட்ட விடுதி கொண்டுவந்து தருகிறது. வெவ்வேறு தகுதியும் வருமானமும் உள்ள அந்நியர்கள் ஒரே மேசையைச் சுற்றி நிற்பதற்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வழக்கமாக மறைத்துவைக்கப்படும் பணம் அங்கே அடுக்கடுக்காகக் கண்முன் இருக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒரு தீர்ப்பு வந்துகொண்டே இருப்பதால் காட்சியின் வேகத்துக்குத் தனி முயற்சி தேவைப்படுவதில்லை. ஆட்டத்தை நடத்தும் ஊழியர் பணயத்தை ஏற்பதையும், இனிப் பணயம் கிடையாது என்பதையும், விழுந்த எண்ணையும் உரத்த குரலில் அறிவிக்க வேண்டும் என்பது தொழிலின் விதி. ஆகவே பின்வரிசைக்கும் செய்தியைக் கொண்டுசேர்க்கும் ஒரு கட்டியங்காரர் அந்தச் சூழலிலேயே இயல்பாக இருக்கிறார். சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் கூட்டமோ குழுப்பாடகர்களுக்கென்றே ஒதுக்கி வைத்தாற்போன்ற இடம்.

மேடையில் எழுதப்பட்ட பழைய சூதாட்டக் காட்சிகளில் எனக்குத் தெரிந்தவற்றுள் மிக நுட்பமானது சூத்ரகரின் சமஸ்கிருத நாடகமான ‘மிருச்சகடிக’த்தின் இரண்டாம் அங்கத்தில் இருக்கிறது. கதை நடக்கும் இடம் உஜ்ஜயினி. உடல் பிடித்துவிடும் தொழில் செய்யும் சம்வாகன் என்பவன் சூதில் தோற்றுப் பத்துப் பொற்காசு கடன்பட்டு, சூதுக்கூடத்தை நடத்தும் மாதுரனிடமிருந்து தப்பி ஓடுகிறான். சிலை இல்லாத ஒரு கோயிலுக்குள் பின்புறமாக நடந்து நுழைந்து, சிலையாக நின்றுகொள்கிறான். துரத்திவந்தவர்கள் காலடித் தடம் வெளிநோக்கிப் போவதைக் கண்டு சந்தேகித்து உள்ளே வந்து, இது மரச் சிலையா கற்சிலையா என்று வாதிடுகிறார்கள். தொட்டு ஆட்டியும் பார்க்கிறார்கள். பிறகு அந்தச் ‘சிலை’யின் முன்னாலேயே உட்கார்ந்து ஆடத் தொடங்குகிறார்கள். நாட்டை இழந்த அரசனுக்கு முரசொலி எப்படியோ, கையில் காசில்லாத சூதாடிக்குப் பகடையின் ஒலி அப்படி என்று தனக்குள் புலம்பியபடி எவ்வளவோ அடக்கிப் பார்த்த சம்வாகன், கடைசியில் ‘அடுத்த ஆட்டம் என்னுடையது’ என்று சிலை நிலையிலிருந்து குதித்து வந்து மாட்டிக்கொள்கிறான். ஆட்டத்தில் என்ன விழுந்தது என்பதை இங்கே யாரும் கவனிப்பதில்லை. பார்வையாளர் பார்ப்பதெல்லாம், அசையாமல் நிற்க வேண்டிய ஓர் உடல் எத்தனை நேரம் அசையாமல் நிற்கும் என்பதைத்தான். சூதின் பிடியை விளக்கப் பக்கம் பக்கமாக வசனம் எழுதியவர்கள் பலர் இருக்கிறார்கள்; ஒரு நடிகரின் நடுங்கும் தோளைக்கொண்டே சூத்ரகர் அதைச் சொல்லி முடித்துவிட்டார்.

ஐரோப்பிய நாடகம் நெடுங்காலம் இதற்கு நேரெதிரான வழியில் நடந்தது. 1696-இல் பாரிஸில் அரங்கேறிய ரெஞ்யாரின் ‘சூதாடி’ என்னும் நகைச்சுவை நாடகத்தில், நாயகன் வாலேர் காதலி தந்த வைரம் பதித்த உருவப்படத்தையே அடகு வைத்துவிட்டு ஆடப்போகிறான். ஆனால் அவன் ஆடுவதை நாம் பார்ப்பதில்லை. வென்று திரும்பும்போது காதலை மறந்தவனாகவும், தோற்றுத் திரும்பும்போது காதலில் உருகுபவனாகவும் அவன் மேடைக்கு வருவதை மட்டுமே பார்க்கிறோம். லண்டனில் சூசன்னா சென்ட்லிவ்ர் 1705-இல் எழுதிய ‘தி பாசெட் டேபிள்’ சீட்டு மேசையை ஒரு விதவைப் பெண்ணின் வரவேற்பறைக்குள் கொண்டுவந்து, உயர்குடியினரும் வணிகர் மனைவியும் அருகருகே அமரும் இடமாக அதைக் காட்டியது. 1753-இல் டேவிட் கேரிக் நடிக்க அரங்கேறிய எட்வர்ட் மூரின் ‘தி கேம்ஸ்டர்’ சூதைக் குடும்ப அழிவின் கதையாக்கிக் கண்ணீர் வரவழைத்தது. அறிவுரை மிகுந்த அந்த நாடகத்தை இன்று மேடையேற்றுவோர் அரிது.

ஆட்ட மேசையை நடு மேடைக்கு இழுத்துவந்தது பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஓபராதான். இசைக்குழு கையில் இருப்பதால் சீட்டு தெரியாத குறையை ஓபராவால் ஈடுசெய்ய முடிந்தது. 1853-இல் வெனிஸின் லா ஃபெனிச்சே அரங்கில் முதன்முறை நிகழ்த்தப்பட்ட வெர்டியின் ‘லா டிராவியாட்டா’வில், ஃபுளோராவின் வீட்டு விருந்தில் ஆல்ஃபிரெடோ சீட்டாடுகிறான். தன்னை விட்டுப் போன வயலெட்டாவும், அவளை அழைத்துவந்திருக்கும் பிரபுவும் அதே அறையில் இருக்கிறார்கள். காதலில் தோற்றவனுக்குச் சூதில் அதிர்ஷ்டம் என்று ஏளனமாகச் சொல்லியபடி ஆல்ஃபிரெடோ வென்றுகொண்டே போகிறான். பிரபு அறைகூவல் விடுக்கிறார். வலப்பக்கம் நூறு லூயி பொற்காசு, இடப்பக்கம் நூறு லூயி என்று பணயம் வைக்கப்படுகிறது. பிறகு அது இரட்டிப்பாகிறது. இதற்கிடையே இசைக்குழு பதற்றமான ஒரே சிறு துணுக்கை விடாமல் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்க, அதன் மேல் வயலெட்டாவின் தனிக்குரல், தான் ஏன் இங்கே வந்தோம் என்று இறைவனை நோக்கி எழுகிறது. சீட்டின் எண்கள் பாடப்படுவது உண்மைதான். அவற்றை நினைவில் வைப்பவர் யாரும் இல்லை. இரண்டு ஆண்கள் ஒரு பெண்ணுக்காகக் கத்தி எடுக்காமல் மோதிக்கொள்கிறார்கள் என்பதே அங்கு நிகழ்வது. ஆல்ஃபிரெடோவின் வெற்றிதான் கதையில் மிகப் பெரிய தோல்விக்கு வழி திறக்கிறது: வென்ற பணத்தை எல்லாருக்கும் முன்னால் அவள்மீது வீசியெறிந்து அவன் தன்னையே இழிவுபடுத்திக்கொள்கிறான்.

சைக்கோவ்ஸ்கியின் ‘இஸ்பேட் ராணி’ இதே உத்தியை இன்னும் இறுக்கமாகக் கையாள்கிறது. 1834-இல் வெளியான புஷ்கினின் குறுநாவலைத் தழுவி சைக்கோவ்ஸ்கியின் தம்பி மொதெஸ்ட் எழுதிய கதைப்பாட்டுடன், 1890-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் மரீன்ஸ்கி அரங்கில் இது அரங்கேறியது. அதில் வரும் ஆட்டம் ஃபேரோ என்னும் சீட்டாட்டம். வங்கி நடத்துபவர், அதாவது எல்லாருடைய பணயத்துக்கும் எதிரே நின்று ஆட்டத்தை நடத்துபவர், சீட்டுகளை வலமும் இடமுமாகத் திருப்பி வைத்துக்கொண்டே போவார்; நாம் பணயம் கட்டிய சீட்டு வலப்பக்கம் விழுந்தால் பணம் வங்கிக்கு, இடப்பக்கம் விழுந்தால் நமக்கு. திறமைக்கோ பேச்சுக்கோ இதில் இடமில்லை. மூன்று, ஏழு, ஏஸ் என்ற மூன்று சீட்டுகளின் இரகசியத்தை இறந்துபோன மூதாட்டியின் ஆவியிடமிருந்து பெற்ற ஹெர்மன், மூன்றிலும் ஏழிலும் வென்று, கடைசியில் ஏஸ் என்று நினைத்துக் காட்டும் சீட்டு இஸ்பேட் ராணியாக இருக்கிறது.

கவனிக்க வேண்டியது சைக்கோவ்ஸ்கி சகோதரர்கள் செய்த மாற்றத்தை. புஷ்கினின் கதையில் எதிரே அமர்ந்து ஆடுபவர் செக்காலின்ஸ்கி என்னும் முதிய, நாகரிகமான, புன்னகை மாறாத சூதுவீட்டுக்காரர். அவருக்கு ஹெர்மன்மேல் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. தோற்ற ஹெர்மன் பித்துப்பிடித்து மருத்துவமனையில் கிடக்கிறான். உரைநடைக்கு அந்தக் குளிர்ச்சி மிகப் பொருத்தம். ஓபராவிலோ கடைசிச் சீட்டுக்கு எதிரே வந்து அமர்பவர் இளவரசர் எலெத்ஸ்கி, ஹெர்மனால் வஞ்சிக்கப்பட்டு உயிரை மாய்த்துக்கொண்ட லிசாவுக்கு முன்பு நிச்சயிக்கப்பட்டிருந்தவர். சீட்டு யாருக்கு விழுந்தாலும் அந்த மேசையில் ஒரு கணக்கு தீர்க்கப்பட்டாக வேண்டும். தற்செயலுக்கு ஒரு முகம் கொடுத்தாயிற்று. வாழ்க்கையே ஒரு சூதாட்டம்தான் என்று ஹெர்மன் பாடும் புகழ்பெற்ற பாட்டைவிட, எதிர் நாற்காலியில் ஆளை மாற்றிய அந்த முடிவையே நான் பெரிய நாடக அறிவாகக் கருதுவேன்.

மாஸ்ஸனேயின் ‘மானோன்’ (1884) நான்காம் அங்கத்தை ஒரு சூதாட்ட மாளிகையில் வைத்து, பொன் நாணயங்களின் ஒலியில் மயங்கும் பெண்ணையும், அவளுக்காக ஆடி வென்று ஏமாற்றுக்காரன் என்று குற்றம் சாட்டப்படும் காதலனையும் காட்டுகிறது. புச்சீனியின் ‘லா ஃபான்சியுல்லா டெல் வெஸ்ட்’ (1910) காசினோவில் நடப்பதல்ல; ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. காயம்பட்டுக் கிடக்கும் காதலனின் உயிரையும் தன்னையும் பணயம் வைத்து, மின்னி என்னும் மதுக்கடைக்காரி ஷெரிஃபுடன் மூன்று சுற்றுப் போக்கர் ஆடுகிறாள். கடைசிச் சுற்றில் மயக்கம் வருவதுபோல நடித்து, ஷெரிஃப் அவளுக்குப் பருகக் கொண்டுவரத் திரும்பும் நொடியில் காலுறைக்குள் ஒளித்துவைத்த சீட்டுகளை எடுத்து மாற்றுகிறாள். இசைக்குழு ஏறக்குறைய அடங்கி, கீழ்ச் சுருதியில் ஒரு துடிப்பு மட்டும் கேட்கிறது. நாயகி மோசடி செய்கிறாள். அரங்கமே அவள் பக்கம் நிற்கிறது. முடிவு எழுதிவைக்கப்பட்டது என்ற உண்மையை மறைக்காமல், முடிவைப் பாத்திரமே திருத்தி எழுதுவதாகக் காட்டிவிட்டால் போலித்தனம் என்ற குறை தானாகவே மறைந்துவிடுகிறது.

ரூலெட் மேசையை முழுமையாக மேடையேற்றும் துணிவு புரோகோஃபியேவுக்கு இருந்தது. தஸ்தயேவ்ஸ்கி 1866-இல் 26 நாட்களில் சொல்லச்சொல்ல எழுதுவித்த ‘சூதாடி’ நாவலை அவர் 1915-17 ஆண்டுகளில் ஓபராவாக்கினார். மரீன்ஸ்கி அரங்கில் மேயர்ஹோல்டு இயக்கத்தில் வரவிருந்த அது 1917-இன் கொந்தளிப்பில் நின்றுபோய், திருத்தப்பட்ட வடிவில் 1929-இல் பிரஸ்ஸல்ஸில்தான் முதலில் நிகழ்த்தப்பட்டது. ரூலெட்டன்பர்க் என்னும் கற்பனை ஊரில் நடக்கும் இந்தக் கதையில் புரோகோஃபியேவ் கதவை வைத்து ஒரு வேலை செய்கிறார். மூன்றாம் அங்கம் ஆட்டக்கூடத்துக்கு வெளியே உள்ள அறையில் நடக்கிறது. பணக்காரப் பாட்டி உள்ளே தன் சொத்தை இழந்துகொண்டிருக்கும் செய்தி மட்டும் துண்டுதுண்டாக வெளியே வருகிறது. அவளுடைய சாவுக்காகக் காத்திருந்த உறவினர்கள் தங்கள் பரம்பரைச் சொத்து கதவுக்கு அப்பால் கரைவதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. நான்காம் அங்கத்தில்தான் அந்தக் கதவு திறந்து நம்மை உள்ளே விடுகிறது. அங்கே தனிப்பாட்டு என்று எதுவும் இல்லை. ஆட்டக்காரர்களும் ஊழியர்களும் சிறு சிறு வாக்கியங்களில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசுவதுபோலப் பாடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் குரல், தனிப் பதற்றம். கூட்டம் என்பது ஒரே குரலில் பாடும் குழுவாக இல்லாமல் தனித்தனி ஆசைகளின் குவியலாக இருக்கிறது. காசினோவுக்குள் நின்று கேட்பவருக்கு உண்மையில் காதில் விழுவதும் அதுதான். கதையின் நாயகன் அலெக்சேய் வென்ற பணத்துடன் தான் காதலிக்கும் பொலினாவிடம் போகிறான். அவள் கேட்டு வாங்கிய 50,000-ஐ அவன் முகத்திலேயே எறிகிறாள். வெற்றிப் பணம் வீசியெறியப்படும் பொருளாக மாறுவதை வெர்டியிடமும் பார்த்தோம். இங்கே எறியும் கை மாறியிருக்கிறது.

உரையாடல் நாடகங்கள் தேர்ந்தெடுக்கும் ஆட்டமே வேறு. ரூலெட்டும் பகடையும் நின்றுகொண்டு, கூட்டமாக, கத்திக்கொண்டு ஆடுபவை. பாட்டும் நடனமும் அவற்றோடு ஒட்டும். சீட்டாட்டம், குறிப்பாகப் போக்கர், ஐந்தாறு பேர் உட்கார்ந்து முகத்தை மறைத்துக்கொண்டு ஆடுவது. பொய் சொல்வதே அங்கே விளையாட்டு என்பதால் அது நடிகர்களின் ஆட்டம். கோகோலின் ‘சூதாடிகள்’ (1842) இதன் ஆரம்பகால உச்சம். இகரெவ் என்னும் தொழில்முறை ஏமாற்றுக்காரன், தானே அடையாளமிட்டுத் தயாரித்த சீட்டுக்கட்டுக்கு அதெலைதா இவானோவ்னா என்று ஒரு பெண்ணின் பெயரைச் சூட்டி வைத்திருக்கிறான். ஒரு சிற்றூர் விடுதியில் சந்திக்கும் வேறு சில ஏமாற்றுக்காரர்களுடன் கூட்டுச் சேர்ந்து, கடைசியில் 80,000 ரூபிளை அவர்களிடமே பறிகொடுக்கிறான். அவன் சந்தித்த இளைஞன், தந்தை, அதிகாரி எல்லாருமே அந்தக் கும்பலால் வாடகைக்கு அமர்த்தப்பட்டு வேடம் போட்டவர்கள். அதாவது சீட்டில் தேர்ந்தவன் நாடகத்திடம் தோற்றுப்போகிறான். ஷோஸ்டகோவிச் இதை ஒரு சொல்கூட விடாமல் ஓபராவாக்கத் தொடங்கி, நீளம் கட்டுக்கடங்காமல் போகவே 1942-இல் பாதியில் கைவிட்டார். போக்கர் பேச்சில் வாழ்கிறது. பேச்சைப் பாட்டாக்கினால் நேரம் பல மடங்காகிவிடும் என்பதற்கு இது நல்ல சான்று. லண்டன் நேஷனல் தியேட்டரில் 1995-இல் அரங்கேறிய பேட்ரிக் மார்பரின் ‘டீலர்ஸ் சாய்ஸ்’ ஓர் உணவகத்தின் அடித்தளத்தில் வாராவாரம் நடக்கும் போக்கரைக் காட்டுகிறது. முதல் இரண்டு அங்கங்களில் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு கடன், யாருக்கு யார்மேல் என்ன வருத்தம் என்பதெல்லாம் தெரிந்துவிடுவதால், மூன்றாம் அங்கத்தில் ஆட்டம் தொடங்கும்போது போக்கரின் விதி தெரியாதவருக்கும் ஒவ்வொரு பணயத்தின் எடையும் தெரிந்திருக்கிறது.

நியூயார்க்கின் பிராட்வே இசை நாடகத்தில் சூதாட்டம் என்றால் முதலில் நினைவுக்கு வரும் ‘கைஸ் அண்ட் டால்ஸ்’ நாடகத்தில் காசினோவே இல்லை. டமன் ரன்யனின் சிறுகதைகளைக்கொண்டு ஃபிராங்க் லெஸ்ஸர் பாடல்களும், ஜோ ஸ்வெர்லிங், ஏப் பரோஸ் இருவர் பெயரில் கதைவசனமுமாக 1950 நவம்பர் 24 அன்று தொடங்கிய இது 1,200 முறை நடந்தது. நெவாடா மாநிலம் 1931-இலேயே சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியிருந்தது. நியூயார்க்கில் அது அப்போது குற்றம். ஆகவே நேதன் டெட்ராய்ட் நடத்தும் பகடையாட்டத்துக்கு நிலையான கூரை கிடையாது. போலீசுக்குப் பயந்து இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு வாகனக் கொட்டகையில் ஆட்டம் வைக்க 1,000 டாலர் முன்பணம் வேண்டும் என்ற நெருக்கடியே கதையைத் தொடங்கிவைக்கிறது. கடைசியில் ஆட்டம் நகரத்தின் கழிவுநீர்ச் சுரங்கத்துக்குள் போய்ச் சேர்கிறது. சட்டம் அனுமதித்திருந்தால் இந்த நாடகமே இல்லை. விதிமுறைகளும் காவலாளிகளும் கணக்காளர்களும் உள்ள காசினோவில் ஆட்டம் யாருக்கும் ஆபத்தில்லாமல் நடக்கும். ஆபத்தில்லாத இடத்தில் கதைக்கு வேலையில்லை.

அந்தச் சுரங்கக் காட்சியை நெருங்கிப் பார்க்க வேண்டும். சிகாகோவிலிருந்து வந்திருக்கும் பிக் ஜூல் என்னும் முரடன் தன் சொந்தப் பகடையை எடுக்கிறான். அதில் புள்ளிகளே இல்லை. அதிர்ஷ்டத்துக்காக அழித்துவிட்டதாகவும், எந்தப் பக்கத்தில் எத்தனை புள்ளி இருந்தது என்பது தனக்கு நினைவிருப்பதாகவும் சொல்கிறான். உருட்டிவிட்டு, தான் வென்றதாக அவனே அறிவிக்க, துப்பாக்கி வைத்திருப்பவனிடம் யார் வாதிடுவது என்று நேதன் பணத்தை இழக்கிறான். அரங்கம் சிரிக்கிறது. மேடைப் பகடை எல்லாமே பிக் ஜூலின் பகடைதான் என்பதை உணர்ந்தால் சிரிப்பு இன்னும் கூடும். எந்த நடிகர் எந்தப் பகடையை உருட்டினாலும் வசனம் சொல்லும் எண்ணே விழுந்த எண்.

அடுத்து ஸ்கை மாஸ்டர்சன் என்னும் சூதாடி வருகிறான். சாரா பிரவுன் நடத்தும் சமயத் தொண்டு நிலையத்துக்கு ஒரு டஜன் பாவிகளை அழைத்துவருவதாக அவளுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறான். தோற்றால் ஒவ்வொருவருக்கும் 1,000 டாலர் தருவேன். வென்றால் அனைவரும் நள்ளிரவுப் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு வர வேண்டும் என்பதே அவன் வைக்கும் பணயம். அதிர்ஷ்டத்தை ஒரு சீமாட்டியாக அழைத்து, நாகரிகமாக நடந்துகொள்ளும்படி வேண்டும் பாட்டு முடியும் கணத்தில் பகடை உருள்கிறது, மேடை இருள்கிறது. என்ன விழுந்தது என்று சொல்லப்படுவதில்லை. சற்று நேரம் கழித்துச் சூதாடிகள் முணுமுணுத்துக்கொண்டே பிரார்த்தனைக் கூடத்தை நோக்கிப் போகும்போதுதான் வென்றது யார் என்று தெரிகிறது. பகடையின் முடிவைப் பார்வையாளருக்குக் காட்ட முடியாது என்ற தடையை இதைவிட எளிதாக யாரும் கடக்கவில்லை; காட்டாமலே விட்டுவிட்டார்கள். லண்டன் பிரிட்ஜ் தியேட்டரில் 2023-இல் நிக்கோலஸ் ஹைட்னர் இதை இயக்கியபோது, மேடைத் துண்டுகள் தரையிலிருந்து எழும்ப, நின்றுகொண்டிருந்த பார்வையாளர்கள் கைக்கெட்டும் தூரத்தில் ஆட்டத்தைச் சூழ்ந்திருந்தார்கள். அவ்வளவு அருகில் இருந்தவர்களுக்கும் முடிவு அந்தப் பிரார்த்தனைக் காட்சி வழியாகத்தான் வந்துசேர வேண்டும்.

சட்டபூர்வமான காசினோக்களில் நடக்கும் இசை நாடகங்கள் இந்த அளவுக்கு நிலைக்கவில்லை. அஹ்ரென்ஸ், ஃபிளாஹர்ட்டி இருவரும் இணைந்து உருவாக்கிய ‘லக்கி ஸ்டிஃப்’ (1988) ஒரு நல்ல கேலிக்கூத்து: பதப்படுத்தப்பட்ட மாமாவின் சடலத்தைச் சக்கர நாற்காலியில் மான்டி கார்லோவுக்குச் சுற்றுலா கூட்டிப்போனால் 60 இலட்சம் டாலர், தவறினால் அத்தனையும் நாய்கள் இல்லத்துக்கு என்பது உயில். காசினோவில் சடலம் உட்கார்ந்திருப்பதை யாரும் சந்தேகிக்காமல் இருப்பதே அந்த விடுதியைப் பற்றிய கூர்மையான விமர்சனம். ஜேசன் ராபர்ட் பிரவுனின் ‘ஹனிமூன் இன் வேகாஸ்’ 2015 ஜனவரியில் பிராட்வேயில் தொடங்கி ஏப்ரலில் முடிந்துவிட்டது. போக்கரில் பெருந்தொகையை இழந்த இளைஞன், மணக்கவிருக்கும் பெண்ணை ஒரு வார இறுதிக்குப் பணக்காரச் சூதாடியிடம் விட்டுவிட ஒப்புக்கொள்ளும் கதை அது. பாடல்கள் பாராட்டப்பட்டன. ஆனால் பெண்ணையே கடனுக்கு ஈடாக வைக்கும் கொடூரத்தை லாஸ் வேகாஸின் விளக்குகளும் பாடகர் எல்விஸைப் போல வேடமிட்டவர்களும் வேடிக்கையாக மாற்றிவிடுவதால், பணயத்தின் எடை குறைந்துபோகிறது என்பது என் எண்ணம். லாஸ் வேகாஸே ஒரு மேடை அலங்காரம்; அதை மேடையில் மறுபடி அமைத்தால் அலங்காரத்தின் அலங்காரம்தான் கிடைக்கும்.

இவ்வளவும் கதைக்குள் இருக்கும் சூதாட்டத்தைப் பற்றியது. அரங்குகளின் கணக்குப் புத்தகத்துக்குள் இருந்த சூதாட்டம் இன்னொரு வரலாறு. வெனிஸ் அரசு 1638-இல் ரிடோட்டோ என்ற பெயரில் சூதாட்டக்கூடத்தைத் திறந்து, ஆடவருவோர் முகமூடி அணிய வேண்டும் என்று விதித்தது. 1774-இல் அதை மூடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டொமெனிக்கோ பர்பாயா என்பவர் மிலானின் லா ஸ்கலாவிலும் பிறகு நேப்பிள்ஸின் சான் கார்லோவிலும் அரங்கத்தின் வெளிக்கூடத்தில் ஆட்ட மேசைகளை நடத்தி, அந்த வருமானத்தில் ஓபராக்களைத் தயாரித்தார். அவர் நேப்பிள்ஸுக்கு அமர்த்திய ரொஸ்ஸினிக்கு மேசை வருமானத்திலும் ஒரு பங்கு உண்டு. ஜெர்மனியின் பாடன்-பாடனில் காசினோவை நடத்திய எட்வார் பெனசே கட்டிய புதிய அரங்கு 1862-இல் பெர்லியோஸின் ‘பெயாட்ரிஸ் ஏ பெனெடிக்ட்’ ஓபராவுடன் செயல்படத் தொடங்கியது. மான்டி கார்லோவில் காசினோ கட்டடத்துக்குள்ளேயே, பாரிஸ் ஓபராவைக் கட்டிய சார்ல் கார்னியே வடிவமைத்த அரங்கு 1879 ஜனவரி 25 அன்று திறக்கப்பட்டது. ஒரே முகப்புக் கூடத்திலிருந்து ஒரு கதவு ஓபராவுக்கும் இன்னொன்று ரூலெட்டுக்கும் போகிறது. பிரெஞ்சு விதிமுறைப்படி காசினோ என்பதே ஆட்டம், உணவகம், கலைநிகழ்ச்சி என்ற மூன்றும் ஒரே நிர்வாகத்தின்கீழ் இயங்கும் இடம்.

அந்தப் பணத்தின் நிழலில் அரங்கேறி இன்றும் நினைவில் இருக்கும் படைப்புகளைப் பாருங்கள். பெர்லியோஸுடையது ஷேக்ஸ்பியரிடமிருந்து எடுத்த காதல் சச்சரவு. மான்டி கார்லோவில் 1910-இல் அரங்கேறிய மாஸ்ஸனேயின் ‘தோன் கிஷோத்’ காற்றாலைகளோடு போரிடும் கிழவனின் கதை. 1917-இல் அங்கேயே அரங்கேறிய புச்சீனியின் ‘லா ரொந்தினே’ பிரிவைப் பற்றியது. இவற்றில் ஒன்றிலும் சூதாட்டக் காட்சி இல்லை. தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் வீட்டுக்காரருக்கு முன்னால் வீட்டைப் பற்றிப் பேசாத நாசூக்கு என்றே எனக்குப் படுகிறது. சூதாடிகளின் அழிவைப் பாடிய ஓபராக்கள் அரசவைப் பணத்திலும் நகராட்சிப் பணத்திலும் சந்தாதாரர் பணத்திலும் இயங்கிய அரங்குகளில்தான் பெரும்பாலும் பிறந்தன.

லாஸ் வேகாஸில் இந்த உறவு கடிகாரம் வரை இறங்கிவந்துவிட்டது. ‘தி ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா’ 2006-இல் அந்நகரின் வெனீஷியன் விடுதிக்குச் சென்றபோது, மற்ற ஊர்களில் இடைவேளையோடு இரண்டரை மணி நேரம் நடக்கும் நாடகம் இடைவேளை இல்லாத 95 நிமிடமாகச் சுருக்கப்பட்டு, 2012 வரை அப்படியே நடந்தது. அந்நகரின் விடுதி அரங்குகளில் ஒன்றரை மணி நேரம் என்பது ஏறக்குறைய எழுதப்படாத விதி. அதற்குமேல் நாற்காலியில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் பார்வையாளர் ஆட்ட மேசையிலிருந்து விலகியிருக்கும் நிமிடம். எந்தப் பாட்டை வெட்டுவது, எந்தக் காட்சியைச் சேர்த்துத் தைப்பது என்பதை அங்கே இயக்குநர் முடிவு செய்யலாம். எத்தனை நிமிடம் வெட்டுவது என்பதை மட்டும் அவரிடம் யாரும் கேட்பதில்லை.